நீ கேட்ட நாற்பது விநாடி

பிரபு, நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டு எனக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. "அப்பா, ரிசப்ஷன்ல நாங்க மேடை ஏறும்போது ஹால் லைட்ட எல்லாம் அணைச்சுடுவாங்க. அப்ப ஒன்னோட டிவி சாமி, ககனேசன் குரல்ல ஒரு ஆசீர்வாதம் வரணும். நாப்பது செகண்டு போதும்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பு, எடிட்டர் கேட்டுக்கினே இருக்காரு." அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமைகள் வந்து போய்விட்டன. முதல் வாரம் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அடுத்த வாரம் ஸ்டுடியோவில் கரண்ட் இல்லை என்றேன். மூன்றாவது வாரம் நீ போன் செய்தபோது நான் எடுக்கவே இல்லை; கொல்லையில் நின்றுகொண்டு அது அடித்து ஓய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கம்மா வந்து, "பெத்த புள்ளைக்கு நல்லதா நாலு வார்த்த பேசறதுக்கு இன்னா இவ்ளோ பிகு" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. என் தொண்டையில் ஒரு கோளாறும் கிடையாது. நாற்பது விநாடி பேச முடியாதவன் நான்கு நாட்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் பொறுமையாகப் படி. உன்னைக் கட்டிக்கப் போகிறவளும் கூட உட்கார்ந்து படிக்கட்டும்.

கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் உனக்குத் தெரிந்த கதையிலிருந்து ஒரு ஆளை நான் எடுத்துவிட்டேன். அவனைத் திரும்ப உள்ளே வைத்து முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் காதர். பெரிய மார்க்கெட் பக்கத்தில் கைலிக் கடை வைத்திருக்கிற உன் காதர் மாமா. சின்ன வயதில் சனிக்கிழமை ஆனால் அந்தக் கடை மாடியில் கைலிக் கட்டுகள் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்பாய். அவன் உன்னை 'சின்ன முதலாளி' என்று கூப்பிடுவான். என் கல்யாணத்துக்கு முன்னால் அவனும் நானும் ஒரே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றியவர்கள். பொருட்காட்சி, ஆடித் தள்ளுபடி, காணாமல்போன பசுமாடு, எது வந்தாலும் கருவடிக்குப்பத்திலிருந்து கனகசெட்டிக்குளம் வரை சொல்லிக்கொண்டே போவோம். நான் கத்துவேன். அவன் கத்த மாட்டான், பேசுவான். அவன் பேசினால் குழாயடியில் நிற்கிற பெண்கள் குடத்தை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். காணாமல்போன மாட்டுக்குக்கூட அவன் குரலில் ஒரு மரியாதை இருக்கும்.

மூலக்குளத்தில் ஒரு வீட்டு மாடியில் முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டி ஒருத்தர் டப்பிங் ஸ்டுடியோ ஆரம்பித்தார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் மகனையும் ஊரே பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்றுதான் கூப்பிடும். அவருக்கு வடக்கேயிருந்து ஒரு சாமி சீரியல் கிடைத்தது. ககனேசன் எந்தப் புராணத்திலும் இல்லாத சாமி. யாரோ பத்துப் பேர் ஏசி ரூமில் உட்கார்ந்து உருவாக்கிய ஆகாயக் கடவுள். அவரோடு ஒரே ஆசிரமத்தில் வளர்ந்த சிநேகிதன் மேகதண்டன் என்கிற அசுரன். ரெண்டு பேருக்கும் ஒரே தட்டில் சாப்பாடு, ஒரே பாயில் தூக்கம். அப்புறம் அவரவர் குலம் வந்து நடுவில் நிற்கிறது. அதுதான் ஆயிரம் எபிசோடுக்கு இழுத்த கதை. முசியே எங்கள் ரெண்டு பேரையும் மைக் முன்னால் நிறுத்திப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் காதர் சாமி ஆனான், நான் அசுரன் ஆனேன். உங்கம்மா, "மூஞ்சிக்கேத்த வேஷம்தான் குடுத்திருக்காரு" என்றாள். டப்பிங்கில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. திரையில் வாய் திறக்கிற இடத்தில் நம் குரல் வர வேண்டும், மூடுகிற இடத்தில் நிற்க வேண்டும். பிசகினால் சவுண்டுப் பையன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்குவான். "சார், வாய் மூடியிருக்கு, குரல் வருது. ஒன் மோர்." அந்த 'ஒன் மோர்' எங்களுக்கு வீட்டில்கூடப் பழக்கமாகி, உங்கம்மா சாம்பாரில் உப்பு குறைந்தால் நாங்கள் ரெண்டு பேரும் கையைத் தூக்குவோம்.

முதல் வருஷமே நோன்பு வந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மத்தியானம் மைக் முன்னால் நின்று சாமி கர்ஜிக்க வேண்டும். மூன்றாம் நாள் காதர் சொன்னான், "மச்சான், நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குதுடா. ஒரு மாசம் எனக்காக நீ பேசுறியா? வெளிய யாருக்கும் தெரிய வேணாம், என் குரல்லயே பேசிடு." நான் எப்போதும் டீக்கடையில் அவனை மாதிரிப் பேசிக் கிண்டலடிப்பேன், அந்த தைரியத்தில் கேட்டான். கிண்டல் வேறு, சாமி வேறு. கடை மாடியில் கைலிக் கட்டுகளுக்கு நடுவே எதிரொலி வராது என்று என்னை அங்கே உட்காரவைத்து ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தான். தன் வயிற்றின் மேல் என் கையை எடுத்து வைத்து, "இங்கருந்து எடு. தொண்டையில எடுத்தா மூணாவது வரியில மாட்டிக்குவ" என்றான். "கடைசி எழுத்த முழுங்காத. தண்ணிக் குடத்த தரையில எறக்குற மாதிரி மெதுவா எறக்கி வை" என்றான். ஒரு மனுஷன் தன் குரல் எங்கே பிறக்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது, எந்த எழுத்தில் தடுக்கும் என்று இன்னொருத்தனிடம் திறந்து காட்டினான். வீட்டுச் சாவியைக் கொடுப்பதைவிடப் பெரிய காரியம் அது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. நல்லா வருதுடா என்று அவன் சிரித்ததுதான் பெரிதாகத் தெரிந்தது.

அதே வருஷம் கார்த்திகையில் நான் மாலை போட்டேன். விரதத்தில் கெட்ட வார்த்தை பேசக் கூடாது, யாரையும் ஏசக் கூடாது. மேகதண்டனுக்கோ அந்த மாதம் பூராவும் தேவர்களை நிற்கவைத்துத் திட்டுகிற வேலை. நான் பேப்பரை வைத்துக்கொண்டு விழித்தபோது காதர் அதைப் பிடுங்கிக்கொண்டான். "நீ போய் சரணம் சொல்லு. ஒன் அசுரன நான் பாத்துக்குறேன்." நாற்பத்தெட்டு நாள் என் குரலில் அவன் பேசினான். சாமிக்கும் அவனே, அசுரனுக்கும் அவனே. அப்படியே பழக்கமாகிவிட்டது: அவன் நோன்புக்கு நான் ஆசீர்வதிப்பேன், என் விரதத்துக்கு அவன் திட்டுவான். முசியே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து எங்களைப் பார்த்து, "உங்க ரெண்டு பேரயும் எந்தக் கணக்குல சேர்க்கறதுனே தெரியல" என்று சிரிப்பார். நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் நம் வீட்டுக்கு வரும். நீ அதிலிருக்கிற கறித்துண்டுகளைத் தேடித் தேடித் தின்பாய். பிரபு, நான் வாழ்ந்ததிலேயே நல்ல வருஷங்கள் அவை ரெண்டும்தான்.

மூன்றாவது வருஷம் நோன்பு நடந்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. அதற்குள் சீரியல் பிய்த்துக்கொண்டு ஓடியது. பூக்கடையில் ககனேசன் படம் மாட்டி அதற்கு மாலையும் போட்டிருந்தார்கள். சவுண்டுப் பையன் ஆசையாக, காதர் தொப்பியோடு மைக் முன்னால் நிற்கிற பழைய படம் ஒன்றை 'இவர்தான் நம்ம ககனேசன்' என்று போனில் ஒரு குரூப்பில் போட்டுவிட்டான். மறுநாள் முசியேவுக்கு ரெண்டு போன் வந்தன. ரெண்டே ரெண்டு. சாமிக்கு வேற ஆளே கிடைக்கலையா என்று கேட்டார்களாம். முசியே கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்கள் கெட்டவர்களைவிட வேகமாக வேலை பார்ப்பார்கள். என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்கதான் இப்ப அவரு மாதிரியே பேசுறீங்களே. நோம்பு முடிஞ்சாலும் நீங்களே கன்டினியூ பண்ணிடுங்க. படத்துல இருந்தவரு சும்மா டெஸ்ட்டுக்கு வந்தவருன்னு சொல்லிக்கலாம்" என்றார். அவன் நோன்பு வைக்கட்டும் என்று நான் செய்த உதவிதான் அவனை வெளியே தள்ள அவருக்கு வசதியாக இருந்தது. நான் இல்லையென்றால் அவருக்கு வேறு வழி கிடையாது, காதரைத்தான் வைத்திருக்க வேண்டும். அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தே தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று நீ கேட்பாய். அப்போது எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நான் எதிர்த்துப் பேசி விஷயம் பெரிதானால், என் மாலை மாதத்தில் தேவர்களைத் திட்டினது காதர்தான் என்பதும் தோண்டி எடுக்கப்படும்; அது அவனுக்குத்தான் ஆபத்து; நான் வாயை மூடிக்கொண்டால் அவனைக் காப்பாற்றுகிறேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதில் பாதி நிஜமும் இருக்கிறது. மீதிப் பாதி என்னவென்றால், இரண்டரை வருஷம் அசுரனாகக் கத்தியவனுக்கு சாமியாகப் பேசுவது பிடித்துப்போயிருந்தது. காதரிடம் போய், "ஹீரோ குரல மட்டும் மெட்ராஸ்ல எடுக்கறாங்களாம்டா" என்று சொன்னேன். அவன், "சரி மச்சான், நீயாவது இருக்கியே" என்றான். அடுத்த வாரம் டிவியில் அவன் தன் குரலைக் கேட்டிருப்பான். ஒரு வார்த்தை போதும், பேசுவது நான்தான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் அதைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. சண்டை போட்டிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி எப்படியோ தப்பித்திருப்பேன். அவன் கேட்காமலே இருந்ததில்தான் மாட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு பண்டிகை நாளில் லோக்கல் கேபிளில் என்னை உட்காரவைத்து 'ககனேசன் குரலுக்குச் சொந்தக்காரர்' என்று பேட்டி எடுத்தார்கள். நீ காலேஜ் ஹாஸ்டலில் நண்பர்களோடு அதைப் பார்த்துவிட்டு போன் செய்து கத்தினாயே, ஞாபகம் இருக்கிறதா? "காதர் மாமா இன்னாப்பா சொன்னாரு?" என்றும் கேட்டாய். வியாபாரத்தில் பிசி என்றேன். அன்றிலிருந்து நம் தெருவில் நான் நானாக நடந்ததில்லை. காய்கறி வண்டிக்காரர் நிறுத்தி, ரெண்டு வரி சாமி மாதிரிப் பேசச் சொல்வார். கோடி வீட்டு அம்மா ஆபரேஷனுக்குப் போகுமுன் கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சாதே மகளேன்னு ஒரு தரம் சொல்லுங்கண்ணே" என்று அழுதது. சொன்னேன். அந்த அம்மா பிழைத்து வந்து எனக்கு வேட்டி வைத்துக் கும்பிட்டது. நான் சொல்லவில்லை அம்மா, அது கைலிக் கடை காதர் குரல் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு கும்பிடும் ஒரு பூட்டு மாதிரி விழுந்தது.

எல்லாவற்றிலும் கொடுமை அந்தக் கடைசி எபிசோடு. மேகதண்டன் தன் குலத்தார் பேச்சைக் கேட்டு, சிநேகிதன் நம்பிக் கொடுத்த கோட்டையின் கதவை எதிரிக்குத் திறந்துவிடுகிறான். கடைசியில் அம்பு பட்டு அந்தச் சிநேகிதன் மடியிலேயே விழுகிறான். ரெண்டு குரலும் நான்தான். முதலில் அசுரனைப் பேசி முடித்தேன்: "என்னை மன்னிக்கமாட்டாயா?" அப்புறம் ஹெட்போனில் என் குரலே என்னிடம் மன்னிப்புக் கேட்க, நான் காதர் குரலில் பதில் சொல்ல வேண்டும். பேப்பரில் இருந்தது ஒரே வரி: "உன் மேல் எனக்குக் கோபமில்லை, நண்பா." காதர் சொல்லிக்கொடுத்தபடி வயிற்றிலிருந்து எடுத்தேன். கடைசி எழுத்தைக் குடம் இறக்குகிற மாதிரி இறக்கி வைத்தேன். ஒரே டேக்கில் ஓகே. சவுண்டுப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், அழவெச்சுட்டீங்க" என்றான். நான் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். யாருக்குத் துரோகம் செய்தேனோ அவன் குரலையே திருடி, அந்தக் குரலாலேயே என்னை மன்னித்துக்கொண்டிருக்கிறேன். இதைவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்கு உண்டா, நீயே சொல்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், கல்யாணம் ஆகிறவனுக்கு உபயோகமாக இருக்கும். கூடவே வாழ்கிறவர்களின் குரல் நமக்குச் சீக்கிரம் பழகிவிடும். உனக்கு வரப்போகிறவள் எதற்கு என்ன சொல்வாள், எந்த இடத்தில் தயங்குவாள் என்று ஆறே மாதத்தில் உனக்குத் தெரிந்துவிடும். அவள் நம்பிக்கையாகக் காட்டித்தான் தெரிந்திருக்கும். யாராவது அவளிடம் கேள்வி கேட்டால், 'அவளுக்கு அதெல்லாம் வேணாம், அவளுக்கு ஒன்னும் பிரச்சினை இல்ல' என்று அவள் வாயாக நீ பேசாதே. உங்கம்மாவுக்காக நான் அப்படி எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். அவள் தம்பி கல்யாணத்துக்கு அவள் போக விரும்பவில்லை என்று நான்தான் சொன்னேன். அவளுக்குப் போக ஆசையாக இருந்தது. இன்றைக்கும் அந்த ஆல்பத்தைப் பார்த்தால் மூடி வைத்துவிடுகிறாள். காதருக்கு நான் செய்தது புதுசில்லை, வீட்டில் பழகியதைத்தான் வெளியே செய்தேன்.

போன வாரம் பத்திரிகை எடுத்துக்கொண்டு காதர் கடைக்குப் போனேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு. உங்கம்மா மஞ்சள் தடவி முதல் பத்திரிகையை சாமிக்கு வைத்துவிட்டு, ரெண்டாவதை என் கையில் கொடுத்து, "காதர் அண்ணனுக்கு வெக்காம கல்யாணம் பண்ணா அது கல்யாணமே இல்ல" என்று சொல்லிவிட்டாள். கடையில் ரெண்டு பேர் கைலி பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு குரல், "சாயம் போவாதுங்க, கேரண்டி" என்றது. மூக்கால் பேசுகிற, நூல் மாதிரி மெல்லிசான குரல். புதுசாக ஆள் வைத்திருக்கிறான் போல என்று எட்டிப் பார்த்தேன். காதர்தான். தாடி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து அதே மூக்குக் குரலில், "வா, உக்காரு" என்றான். வந்தவர்கள் போகிற வரைக்கும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்டேன், "தொண்டைக்கு இன்னாடா ஆச்சு?"

"தொண்டைக்கு ஒன்னும் ஆவல." கைலியை மடித்துக்கொண்டே சொன்னான். "நீ கேபிள்ல வந்த அப்பறம் ஒரு நாளு ஒரு அம்மா கைலி வாங்க வந்துச்சு. நான் பேசுனதும், 'பாய், டிவி சாமி மாதிரியே பேசுறீங்களே, நல்லா மிமிக்ரி பண்றீங்க'ன்னுச்சு. பக்கத்துல நின்ன ஆளு மொறச்சாரு. 'எங்க சாமிய கிண்டல் பண்றியா'ன்னாரு. இன்னாத்த சொல்றது? சரிங்கன்னு கொரல சன்னமாக்கிக்கினேன். இப்ப அதுவே பழகிடுச்சு."

அவனே தொடர்ந்தான். "அது கூட பரவால்ல மச்சான். பள்ளிவாசல்ல மோதினார் ஊருக்கு போனா நான்தான் தொழுகைக்கு கூப்புட்டு பாங்கு சொல்வேன், ஒனக்கு தெரியும். ஒரு நாளு சொல்லிட்டு வெளிய வரேன், வாசல்ல ரெண்டு புள்ளைங்க, 'டேய், ககனேசன் பாங்கு சொல்றாருடா'ன்னு சிரிக்குதுங்க. புள்ளைங்கள குத்தம் சொல்ல முடியுமா? அதுங்களுக்கு அந்தக் கொரலு டிவி கொரலுதான. அதோட வுட்டுட்டேன். கூப்புட்டா ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுவேன்." இதைச் சொல்லும்போதும் மூக்காலேயே சொன்னான். பிரபு, எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவன் ஒரு புதுக் கைலியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கொடுத்தான். சாமி தொழுகிற இடத்தில் ஒருத்தனைத் தன் குரலால் தொழ முடியாமல் ஆக்கிவிட்டு, அந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் தெருத்தெருவாக ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கல்யாணத்துல மேடை ஏறி எல்லார் முன்னாடியும் உண்மைய சொல்லிடறேன்டா" என்றேன். அவன் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "சொல்லி? ஒனக்கு பாரம் எறங்கும். எனக்கு? அடுத்த நாளு கடை வாசல்ல நாலு பேரு வந்து நிப்பான். ஒருத்தன் கும்புடுவான், ஒருத்தன் சண்டைக்கு வருவான். ரெண்டும் எனக்கு வேணாம்." அப்படியென்றால் நான் என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டேன். "நிறுத்து. நீ அந்தக் கொரல்ல பேசறத நிறுத்து. எங்கயும், யாருக்கும், ஒரு வரி கூட வேணாம். டிவியில பழசு ஓடி முடிஞ்சுடும். ஜனங்க மறந்துடும். மறந்துட்டா என் கொரலு என்கிட்ட வந்துடும்." பத்திரிகையை ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "சின்ன முதலாளி கல்யாணம். வரேன். சாப்ட்டுட்டு போயிடுவேன், பேச மாட்டேன்."

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். ஐந்து வருஷத்தில் அவன் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். நீ கேட்டதும் ஒன்றுதான். ரெண்டையும் சேர்த்துக் கொடுக்க எனக்கு வழியில்லை. பெற்ற மகனின் கல்யாணத்துக்கு ஒரு தரம், நாற்பது விநாடி, அதோடு விட்டுவிடுகிறேன் என்று மனசு பேரம் பேசத்தான் செய்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு போனைக் கையில் எடுத்தேன். மூச்சை இழுத்தேன். கைலிக் கட்டுகளுக்கு நடுவே அவன் வயிற்றில் என் கையை எடுத்து வைத்தது ஞாபகம் வந்தது. போனைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கென்று இருந்த குரலில் ஒரு ஆசீர்வாதம் பேசிப் பார்க்கலாம் என்றும் முயன்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது எப்படி இருக்கும் என்றே எனக்கு நினைவில்லை. கோபப்பட்டால் மேகதண்டன் வருகிறான், ஆறுதல் சொன்னால் காதர் வருகிறான். இந்த வயதுக்கு மேல் என் குரலை எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முசியேவிடம் நேற்று போய்ச் சொல்லிவிட்டேன். சீரியலின் ரெண்டாம் பாகம் தை மாதம் தொடங்குகிறது. ஆயிரம் எபிசோடு பேசிய குரல் இப்போது இல்லை என்றால் அவர் கழுத்துக்குக் கத்தி. கத்தினார், கெஞ்சினார், கடைசியில், "உங்களுக்கு இன்னா பைத்தியமா, ஊரே உங்கள சாமின்னு கும்புடுது" என்றார். அதனால்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. பாக்கி இருப்பது உன் பக்கத்து வேலை. உன் மாமனார் 'ககனேசன் இல்லத் திருமண விழா' என்று என் முகத்துக்குக் கிரீடம் வைத்து பேனர் அடித்து எனக்கு அனுப்பியிருக்கிறார். நல்ல மனுஷன், ஆசையில் செய்திருக்கிறார்; இந்தக் குரலுக்காகவே சம்பந்தம் பேச வந்தவர் என்பதும் எனக்குத் தெரியும். அவரிடம் அந்த பேனரை வைக்க வேண்டாம் என்று நீதான் சொல்ல வேண்டும். அவர் கோபித்துக்கொள்வார், அந்த வீட்டில் உனக்கு மரியாதை ஒரு படி குறையும். அதற்கு நான்தான் காரணம். என்ன காரணம் சொல்கிறாய் என்பது உன் இஷ்டம், காதர் பெயரை மட்டும் எடுக்காதே. அவனைப் பற்றிச் சொல்வதற்கு அவனுக்குத்தான் உரிமை.

ரிசப்ஷனில் கூட்டம் என்னை விடாது. மைக்கைக் கொண்டுவந்து வாயருகே நீட்டுவார்கள், ஒரு வரி, ஒரே ஒரு வரி என்பார்கள். நான் சிரித்துக்கொண்டு கும்பிடுவேன், வாயைத் திறக்க மாட்டேன். திமிர் பிடித்த கிழவன் என்று சொல்லட்டும். நீ அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்ற வராதே. முடிந்தால் ஒன்று செய். பந்தியில் காதர் எங்கேயாவது ஓரமாகத்தான் உட்காருவான். உன் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார். அவனை எதுவும் பேசச் சொல்லாதே, வாழ்த்தக்கூடக் கேட்காதே. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து, முன்பு நோன்புக் கஞ்சியில் தேடின மாதிரி அவன் இலையிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்துத் தின்னு.

அவன் பேசாமலே போய்விடலாம், அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் நீ கறியை எடுக்கிறபோது அவனுக்குப் பழைய ஞாபகம் வந்து, தன்னை மறந்து, வயிற்றிலிருந்து "சின்ன முதலாளி" என்று கூப்பிட்டுவிட்டான் என்றால், அந்த ஹாலில் இருக்கிற அத்தனை பேரும் இலையிலிருந்து தலையைத் தூக்கி முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருப்பேன். என் வாய் மூடியிருக்கும், குரல் வரும். யாரும் ஒன் மோர் கேட்க வேண்டாம்.